வரப்போரத்துத் தும்பை

தும்பைப் பூவைப் பறித்து அடிநுனியைச் சப்பியிராத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. நாக்கில் ஊசிமுனையளவு தித்திப்பு. உடனே கை அடுத்த பூவுக்குப் போகும். அந்தத் துளியைச் செடி சேர்த்து வைத்திருப்பது தேனீக்காக.

மழைக்குப் பின் தரிசிலும் வரப்பிலும் பெரும்பாலும் முழங்காலுக்கும் கீழே நிற்கும் சிறு செடி இது. தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள், வழுக்கி உருளாது. நான்கு பட்டை கொண்டது. இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாய் வரும். துளசி, புதினா, பேய்மிரட்டி எல்லாவற்றிலும் இதே கட்டமைப்புத்தான். எல்லாம் ஒரே குடும்பம்.

பூவில்தான் வேலைப்பாடு இருக்கிறது. இதழ்கள் சேர்ந்து குழலாகி, வாயில் இரண்டு உதடுகளாய்ப் பிரிகின்றன. கீழுதடு அகன்று நீண்டிருக்கும். தேனீ வந்து அமரும் திண்ணை அது. மேலுதடு மென்மயிர் போர்த்திய சிறு முக்காடு. அதனடியில் நான்கு மகரந்தத் தாள்கள், இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. குழலின் அடியில் இருக்கும் தேனுக்காகத் தேனீ தலையை நுழைக்கும்போது முக்காட்டுக்குள் இருக்கும் மகரந்தம் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவில் சூல்முடி அதைத் தொட்டு வாங்கிக்கொள்ளும். பூ உதிர்ந்தபின் பச்சைப் புல்லிக்குழலுக்குள் நான்கு சிறு விதைகள் முற்றும்.

தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1810-ல் தும்பை அடங்கிய பேரினத்துக்கு லூகாஸ் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் வெண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வெளுத்த வேட்டியைத் தும்பைப்பூ என்று சொல்லும் நமக்கு அது புதிதல்ல. தொல்காப்பியத்திலோ தும்பை போரின் பெயர். வெட்சி ஆநிரை கவர்தல், உழிஞை மதில் முற்றுகை. இரு படைகள் களத்தில் நேருக்கு நேர் மோதுவது தும்பை. வீரர்கள் சூடியது இந்தப் பூவைத்தான்.

சளிக்கு இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. பாம்புக்கடிக்கு மட்டும் தும்பைச் சாற்றை நம்பி நேரம் கடத்தாதீர்கள்; உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

களைக்கொல்லி தெளித்த வரப்பில் தும்பை முளைப்பதில்லை. தேனீயும் அந்தப் பக்கம் வருவதில்லை. பயிருக்கு இடைஞ்சல் இல்லாத ஓரத்தில் நாலு செடியையாவது விட்டு வையுங்கள்.