பத்திரமா வந்துட்டாங்க சுனிதா... 'சிக்கித் தவிப்பு' செய்திகள் சொல்லாமல் விட்டது என்ன?

மார்ச் 19, 2025. இந்திய நேரப்படி அதிகாலை 3.27 மணி. அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடற்கரைக்கு அப்பால், நான்கு பாராசூட்டுகளில் தொங்கியபடி டிராகன் விண்கலம் கடலில் இறங்கியது. உள்ளே சுனிதா வில்லியம்ஸ், புட்ச் வில்மோர், நிக் ஹேக், ரஷ்யாவின் அலெக்சாண்டர் கோர்புனோவ். கொஞ்ச நேரத்தில் கலத்தைச் சுற்றி டால்பின்கள் நீந்தின. கண் விழித்து நேரலை பார்த்தவர்களுக்கு 'அப்பாடா' என்றிருந்தது.

அந்த நிம்மதிக்குக் காரணம், ஒன்பது மாதமாகப் படித்த செய்திகள். சிக்கித் தவிக்கிறார், கைவிட்டுவிட்டார்கள், உடல் மெலிந்துவிட்டார்... இப்படியே படித்தால் யாருக்குத்தான் பயம் வராது?

நிஜத்தில் நடந்தது என்ன?

2024 ஜூன் 5-ல் சுனிதாவும் வில்மோரும் போயிங்கின் ஸ்டார்லைனரில் கிளம்பினார்கள். மனிதர்களுடன் அதன் முதல் சோதனைப் பயணம் அது. திட்டம் சுமார் 8 நாள்தான். ஆனால் ஹீலியம் கசிந்தது. கலத்தைத் திருப்பி நிலைப்படுத்தும் 28 உந்துகருவிகளில் 5 பழுதாகின. ஆபத்து நிஜம்தான், அதில் சந்தேகமில்லை.

ஆகஸ்ட் 24-ல் நாசா, 'ஸ்டார்லைனர் காலியாகவே திரும்பட்டும்' என்று முடிவெடுத்தது. செப்டம்பர் இறுதியில் இரண்டு இருக்கைகளைக் காலியாக வைத்துக்கொண்டு டிராகன் விண்வெளி நிலையம் போய்ச் சேர்ந்தது. அன்று முதல் இருவருக்கும் ஊர் திரும்ப வண்டி வாசலிலேயே நின்றது. ஆனாலும் 'சிக்கித் தவிப்பு' என்ற தலைப்பு மட்டும் மாறவே இல்லை.

ஸ்டார்லைனர் பத்திரமாகத்தானே இறங்கியது?

ஆமாம், செப்டம்பரில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் காலியாக, பத்திரமாக இறங்கியது. 'அப்போ அதிலேயே வந்திருக்கலாமே?' என்று கேட்கலாம். ஆனால் பத்திரமாக இறங்கும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? 2003 பிப்ரவரி 1-ல் கொலம்பியா விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் உயிரிழந்தனர். இறக்கையில் நுரைத்துண்டு மோதியது பற்றிப் பொறியாளர்கள் கவலைப்பட்டும் அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஸ்டார்லைனர் முடிவை அறிவித்தபோது, பழைய விண்கல விபத்துகளை நாசா தலைவர் பில் நெல்சன் நினைவுபடுத்தினார். சந்தேகம் இருந்தால் ஆளை ஏற்றாதே என்பதுதான் அந்தப் பாடம். அதை இந்த முறை கடைப்பிடித்தார்கள். அது தலைப்புச் செய்தியாகவில்லை.

பயமுறுத்தும் தலைப்பு ஏன் ஓடுகிறது?

2023-ல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வெளியான ஆய்வு, தலைப்பில் எதிர்மறைச் சொல் கூடக்கூட கிளிக்கும் கூடுகிறது என்றது. சுனிதாவின் கன்னம் ஒட்டியதாகப் படம் பரவியதும் அப்படித்தான். 'வந்தபோது இருந்த அதே எடைதான்' என்று அவரே நவம்பரில் விளக்கினார். 2025 ஜனவரியில், மொத்தம் 62 மணி 6 நிமிட விண்நடையுடன் பெண்களில் புதிய சாதனையும் படைத்தார்.

இதற்காக, போயிங்கைக் கேள்வி கேட்டதே தப்பு என்று ஆகிவிடாது. கசிவு ஏன், பழுது ஏன் என்று கேட்டாகத்தான் வேண்டும். ஆனால் 'என்ன கோளாறு?' என்று சொல்கிற செய்தி, 'அதற்கு என்ன செய்கிறார்கள்?' என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படிப்பவருக்கு முழு விஷயமும் புரியும்.