நான் சொல்லிக்கொடுத்த பிழைக் கணக்கு

போன மாதம் மகள் கணக்குப் பரீட்சைத் தாளோடு வந்து நின்றாள். 20 − 5 + 3 என்ற கேள்விக்கு 12 என்று எழுதியிருந்தாள். சரியான விடை 18.

"நீங்கள் சொன்னபடிதானே அப்பா செய்தனான்" என்றாள். முகம் வாடிப்போயிருந்தது.

உண்மைதான். யாழ்ப்பாணத்தில் எங்கள் வாத்தியார் 'பொட்மாஸ்' என்ற சொல்லைப் பாடமாக்க வைத்தார். முதலில் அடைப்பு, பிறகு வகுத்தல், பெருக்கல், கடைசியில் கூட்டல், கழித்தல். கூட்டலுக்குரிய எழுத்து முன்னால் வருவதால், கூட்டிவிட்டுத்தான் கழிக்க வேண்டும் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

இங்கே ரொறன்ரோவில் அதே சொல் 'பெட்மாஸ்'. பக்கத்தில் அமெரிக்காவில் 'பெம்டாஸ்'. அதில் பெருக்கல் முன்னுக்கு, வகுத்தல் பின்னுக்கு. எழுத்துகளின் வரிசைதான் விதி என்றால் 12 ÷ 2 × 3 கனடாவில் 18, எல்லை தாண்டினால் 2 என்றாக வேண்டும். அப்படி இல்லையே! பெருக்கலும் வகுத்தலும் சம தரம். கூட்டலும் கழித்தலும் அப்படியே. சம தரமானவற்றை இடமிருந்து வலமாகச் செய்துகொண்டு போக வேண்டும். அந்தச் சொல்லில் இல்லாதது இதுதான்.

அன்றிரவு மகளிடம் கேட்டேன். "கையில் 20 டொலர். 5 செலவு. பிறகு மாமா 3 தந்தார். எவ்வளவு இருக்கு?" உடனே "18" என்றாள். "கடையில் தேநீர் 3 டொலர், 2 டொலர் ரோல்ஸ் ஐந்து. எவ்வளவு குடுப்பாய்?" "13." 3 + 2 × 5 தான் அது. 25 டொலர் குடுக்க யார் சம்மதிப்பார்கள்?

2019இல் 8 ÷ 2(2 + 2) என்ற கணக்கு சமூக வலைத்தளங்களில் பெரிய சண்டையானது. விடை 16 என்று ஒரு பகுதி, 1 என்று மறு பகுதி. கணக்கைத் தெளிவில்லாமல் எழுதியதே அங்கே பிரச்சினை. இன்னொரு அடைப்புப் போட்டிருந்தால் சண்டையே இல்லை.

சுருக்கச் சொல் ஞாபகத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடமும் சரி, வீட்டில் சொல்லிக்கொடுக்கும் நாங்களும் சரி, காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். சொல் பிறகு வரட்டும். அந்தத் தாளில் பெற்றோர் கையெழுத்துப் போடும்போது, குறைந்த புள்ளி என்னுடையது என்றுதான் பட்டது.