டீயும் பிஸ்கட்டும் குழந்தைக்கு ஆகாரம் ஆகுமா?

மும்பை தாராவியில், காலை 7 மணிக்கு ஒரு தமிழர் வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். அப்பா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டு இருப்பார். அம்மா தண்ணீர் பிடித்து, சமைத்து, டப்பா கட்டி முடிப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். கடைக்குட்டியின் கையில் ஒரு தம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும் இருக்கும். மத்தியானம் வரை அதுதான் ஆகாரம்.

"பிள்ளை பசி என்று அழவில்லையே" என்கிறார்கள் தாய்மார்கள். வயிறு அடங்கியது உண்மைதான். ஆனால் உடம்புக்கு எதுவும் சேரவில்லை.

ரத்த சோகை

டீ, உணவில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. 2019-21ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 67 பேருக்கு ரத்த சோகை. 100க்கு 35 பேர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை. முதல் 2 வயதில் விட்டதைப் பிறகு பிடிப்பது கடினம்.

என்ன கொடுக்கலாம்?

6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன் பிறகு தாய்ப்பாலோடு குழைந்த சோறு, பருப்பு, மசித்த கீரை, முட்டை கொடுக்கவேண்டும். சின்ன வயிறு. ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை ஊட்டுங்கள்.

விலை உயர்ந்த டப்பா மாவு தேவை இல்லை. 2 பங்கு கேழ்வரகு, 1 பங்கு பாசிப்பயறு. இரண்டையும் வறுத்து, சக்கியில் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கஞ்சி காய்ச்ச 10 நிமிடம் போதும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இங்குள்ள கடைகளில் கேழ்வரகை 'நாச்னி' என்றும், பாசிப்பயறை 'மூங்' என்றும், வேர்க்கடலையை 'ஷேங்தாணா' என்றும் கேளுங்கள். வேர்க்கடலையைச் சிறு குழந்தைக்கு முழுசாகக் கொடுக்கக்கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்துக் கொடுங்கள்.

பால்வாடி

1975ல் மத்திய அரசு முதன்முதலாகத் தொடங்கிய 33 குழந்தை வளர்ச்சித் திட்டங்களில் தாராவியும் ஒன்று. 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் உணவு உண்டு. 'நாம் வெளிமாநிலத்தார், நமக்குத் தருவார்களா?' என்று தயங்கவேண்டாம். சொந்த ஊர் எது என்ற பேதம் இதில் கிடையாது.

அங்கே குழந்தையை எடை போடுவார்கள். கையின் சுற்றளவை நாடாவால் அளப்பார்கள். அந்த அளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஆபத்து. உடனே டாக்டரிடம் காட்டவேண்டும்.

பிள்ளைகள் நன்றாக இருக்கவேண்டும் என்றுதானே ஊரை விட்டு வந்தோம்? நாளைக் காலை டீத் தம்ளருக்குப் பதில் ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்துப் பாருங்கள்.