மூலைக்கு ஓர் அண்ணன்: தைச்சி, குங்ஃபூ வகுப்புகளைத் தாங்கி நிற்பவர்கள்

ஈப்போவில் விடியற்காலையில் போலோ திடல் பக்கமோ டி.ஆர்.சீனிவாசகம் பூங்கா பக்கமோ நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களுக்குத் தைச்சி புதிய காட்சியல்ல. பெரியவர்கள் வரிசையாக நின்று, இடுப்பளவு தண்ணீரில் நடப்பதுபோல் மெதுவாகக் கைகால்களை அசைப்பார்கள். 'சீனக் கிழவர்களின் விளையாட்டு' என்று சொல்லிக் கடந்துபோவதுதான் நம்மவர்களில் பலரின் வழக்கம். கொஞ்சம் நின்று கவனித்தால் ஒன்று தெரியும். அந்த வகுப்பை முன்னால் நிற்கும் ஆசிரியர் மட்டும் நடத்துவதில்லை. வரிசையின் மூலைகளிலும் ஆட்டம் தெரிந்த ஒருவர் நிற்பார்.

காரணம் எளிது. தைச்சியில் உடல் ஒரே திசையைப் பார்த்து நிற்பதில்லை. இடது பக்கம் திரும்பும், வலது பக்கம் திரும்பும், சில அசைவுகளில் முன்பக்கம் பின்பக்கமாகிவிடும். திரும்பிய மறு நொடியே ஆசிரியர் கண்ணில் இருந்து மறைந்துவிடுவார். புதிதாகச் சேர்ந்தவர் அந்த இடத்தில்தான் தடுமாறுவார். அப்போது அவர் கண்ணுக்கு எதிரே இருப்பவர், மூலையில் நிற்கும் அந்தத் துணைப் பயிற்றுநர். பெரும்பாலான கிளப்புகளில் அவருக்குச் சம்பளம் கிடையாது. அவரும் மாணவர்தான், சில ஆண்டு மூத்தவர், அவ்வளவே.

கண்டனீஸ் மொழி புழங்கும் ஈப்போவில் இவரை 'சி-ஹிங்' என்பார்கள். ஆசிரியரை 'சிஃபு' என்பார்கள். சிஃபு என்றால் தந்தையாகிய குரு என்று பொருள் கொள்ளலாம். சி-ஹிங் என்றால் அதே குருவிடம் தனக்கு முன்னால் சேர்ந்த அண்ணன். பெண்ணாக இருந்தால் 'சி-ஜே', அதாவது அக்காள். இதில் வயதுக்குக் கணக்கில்லை, சேர்ந்த நாளுக்குத்தான் கணக்கு. ஐம்பது வயதில் சேர்ந்த ஒருவர் இருபது வயதுப் பையனை அண்ணன் என்று அழைக்க வேண்டியிருக்கும். முறை சொல்லி அழைத்தே வளர்ந்த தமிழர்களுக்கு இது ஒன்றும் புரியாத விஷயமல்ல. வயது குறைந்தவர் சித்தப்பா முறையாவது நம் குடும்பங்களிலும் உண்டு.

ஆனாலும் ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த இரண்டு உலகங்களும் அதிகம் சந்தித்துக்கொள்ளவில்லை. தமிழர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்து லயங்களில் இருந்தனர். சீனர்கள் ஈயச் சுரங்கம், பட்டணம் என்று இருந்தனர். அவசரகாலத்தில், 1950ஆம் ஆண்டு பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், காட்டோரம் குடியிருந்த சீனர்கள் வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். ஈப்போவை ஒட்டிய கம்போங் சிமி, பெர்ச்சாம் போன்றவை அப்படி உருவானவை. தோட்டத்துப் பையன் பட்டணத்துக்கு வந்து குங்ஃபூ படம் பார்ப்பான். ஆனால் குங்ஃபூ சொல்லித்தரும் வீட்டுக்கு அவனுக்கு வழி தெரியாது.

அவனுக்கு வேறொன்று இருந்தது. வேலை முடிந்து, சாப்பிட்டு, இருட்டிய பிறகு கோயில் திடலில் சிலம்பம். வாத்தியார் வெளியிலிருந்து வந்தவர் அல்ல. அவரும் காலையில் பெரட்டுக்குப் போய் மரம் வெட்டியவராகவே இருப்பார். சுவடு வைப்பது, வீச்சு, அடி, தடை என்று படிப்படியாக நடக்கும். மாரியம்மன் திருவிழாவில் சாமி ஊர்வலத்திற்கு முன்னால் கம்பு சுற்றுவதுதான் அரங்கேற்றம். கட்டணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. பதிவேடும் கிடையாது.

பின்னர் தோட்டங்கள் கைமாறின. ரப்பர் போய் செம்பனை வந்தது. பட்டணத்தை ஒட்டிய நிலங்கள் வீடமைப்புக்குப் போயின. குடும்பங்கள் புந்தோங், சுங்கை சிப்புட், சிம்மோர் என்று சிதறின. சிலர் ஷா ஆலாம், கிள்ளான் வரை போய்விட்டனர். வாத்தியார் ஓர் ஊரில், மாணவர்கள் நான்கு ஊர்களில், திடலோ எங்கும் இல்லை. சிலம்பம் அழிந்துவிடவில்லை. இன்று சங்கங்கள் உண்டு, தமிழ்ப்பள்ளிகளில் பயிற்சி உண்டு, போட்டிகள் உண்டு. ஆனால் பல தோட்டங்களில் அந்தந்த வாத்தியாரின் பாணி அவரோடு போய்விட்டது. அவருக்கு மாணவர்கள் இல்லாமல் இல்லை. அவருக்குப் பதிலாக நின்று சொல்லித்தரப் பழகிய இரண்டாவது ஆள்தான் இல்லை.

இந்த இடத்தில் சீனச் சங்கங்களின் கதை படிக்கத் தக்கது. 1910ஆம் ஆண்டு ஷாங்காயில் சின் வூ சங்கம் தொடங்கியது. அதன் அடையாளமாகக் கருதப்படும் ஹுவோ யுவான்ஜியா அதே ஆண்டில் இறந்துபோனார். புரூஸ் லீயின் 1972ஆம் ஆண்டுப் படமான 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி' அவர் மரணத்தை வைத்துப் பின்னப்பட்டதுதான். அதில் புரூஸ் லீ நடித்த சீடன் ஒரு கற்பனைப் பாத்திரம். நிறுவனரைச் சில மாதங்களிலேயே இழந்த ஒரு சங்கம் மூடுவிழா கண்டிருக்க வேண்டும். மாறாக 1920ஆம் ஆண்டு அதன் ஐந்து பிரதிநிதிகள் தென்கிழக்காசியாவைச் சுற்றி வந்தனர். 1921இல் கோலாலம்பூரில் கிளை தோன்றியது. பேராக்கிலும் கிளை வந்தது. ஈப்போவில் அது இன்றும் இயங்குகிறது. கோலாலம்பூரில் உள்ள சின் வூ அரங்கத்தை அறியாத பழைய ஆட்கள் குறைவு.

இது எப்படி முடிந்தது? சின் வூ ஒரு குருவின் வீட்டுச் சொத்தாக இருக்கவில்லை. எல்லாரும் முதலில் கற்க வேண்டிய பத்து அடிப்படை ஆட்டங்கள் என்று ஒரு பாடத்திட்டம் வைத்தார்கள். வெவ்வேறு பாணி ஆசான்களை ஒரே கூரையின்கீழ் வேலைக்கு அமர்த்தினார்கள். பெண்களையும் சேர்த்தார்கள். பாடத்தை முடித்தவர் அடுத்தவருக்குச் சொல்லித்தர அனுப்பப்பட்டார். பிற்காலத்தில், 1966க்குப் பிறகு பண்பாட்டுப் புரட்சியின்போது சீனாவிலேயே பாரம்பரியக் கலைகள் ஒடுக்கப்பட்டபோது, இந்த வெளிநாட்டுக் கிளைகளில் ஆட்டங்கள் தொடர்ந்து நடந்தன.

சீன ஆசான்கள் எல்லாரும் தாராள மனதுக்காரர்கள் என்று இதற்குப் பொருளல்ல. புலிக்கு எல்லா வித்தையும் கற்றுத்தந்த பூனை, மரமேற மட்டும் சொல்லித்தரவில்லை என்ற கதை அங்கேதான் பிறந்தது. 'வாத்தியார் கடைசி அடியைக் காட்டமாட்டார்' என்று நம் பெரியவர்கள் சொல்வதும் அதே கதைதான். பூனைக்குப் புலியிடம் பயம் இருந்திருக்கலாம். ஆனால் மறைத்து வைத்த அடி யாருக்கும் பயன்படாமல் போனதற்கு நம் தோட்டங்களே சாட்சி.

தைச்சி மலேசியாவில் பரவியதற்கும் இதே போன்றதொரு சங்கிலி காரணம். செங் மான்சிங் என்ற ஆசிரியர் நீண்ட யாங் பாணி ஆட்டத்தை 37 நிலைகளாகச் சுருக்கினார். அவரிடம் தைவானில் கற்றவர் ஹுவாங் ஷெங்ஷியான். இவர் ஏற்கெனவே வெண்கொக்குப் பாணி குங்ஃபூவில் தேர்ந்தவர். 1950களில் சிங்கப்பூருக்கு வந்து, அங்கும் மலேசியாவிலும் பள்ளிகளை அமைத்தார். 1970ஆம் ஆண்டு, தம் 60ஆவது வயதில், கூச்சிங்கில் லியாவ் என்ற மல்யுத்த வீரரோடு மோதி, 26க்குப் பூஜ்யம் என்று வென்றார். தைச்சி கிழவர்களின் விளையாட்டு என்று சொன்னவர்களுக்கு அன்று பதில் கிடைத்தது. 1992இல் அவர் மறைந்தபோது, அவரிடம் கற்றுப் பிறருக்குச் சொல்லித்தந்துகொண்டிருந்தவர்கள் பலர் இருந்தனர்.

இன்று பூங்காக்களில் அதிகம் காணப்படும் 24 நிலை ஆட்டம் வேறு வகை. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை பொதுமக்களுக்காக அமைத்தது. ஆடி முடிக்க ஐந்தாறு நிமிடம் போதும். 2020இல் யுனெஸ்கோ தைச்சியைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தமிழர்கள் இந்தக் கலைகளைப் பற்றிப் பேசும்போது போதிதர்மரை இழுக்காமல் விடுவதில்லை. 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு இன்னும் அதிகம். காஞ்சிபுரத்து இளவரசர் ஷாவ்லின் துறவிகளுக்குக் குங்ஃபூ கற்றுத்தந்தார் என்பது கதை. அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, கி.பி. 547ஆம் ஆண்டு நூல், அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. தென்னிந்திய அரச குடும்பத்தவர் என்று இன்னொரு பழைய குறிப்பு சொல்கிறது. ஆனால் அவர் சண்டை கற்றுத்தந்தார் என்ற பேச்சுக்கு வேர், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு நூல். சீன வரலாற்றாசிரியர் தாங் ஹாவ் 1930களிலேயே இதை மறுத்து எழுதிவிட்டார். கிளப்பில் சேரப் போகும் தமிழ்ப் பையனுக்கு இந்தக் கதை தேவையில்லை. 'இது எங்களுடையது' என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகிறவனை விட, காலணியைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போகிறவனைத்தான் சிஃபுவுக்குப் பிடிக்கும்.

உள்ளே போனால் என்ன நடக்கும்? குங்ஃபூவில் முதல் பாடம் நிற்பது. 'மா பூ' என்ற குதிரை நிலையில் தொடை நடுங்கும் வரை நிற்க வைப்பார்கள். எண்ணிக்கை கண்டனீஸில் ஓடும்: யாட், யீ, சாம், செய். விளக்கம் பெரும்பாலும் மலாயில், திட்டு மட்டும் கண்டனீஸில். வலது முட்டியை இடது கையால் மூடி வணங்குவது மரியாதைக்கான முறையே தவிர வழிபாடு அல்ல. சில இடங்களில் குவான் கோங் படத்திற்கு ஊதுவத்தி ஏற்றும் வழக்கம் உண்டு. தயக்கம் உள்ள பெற்றோர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

தைச்சியின் அடிப்படை, எடையை மாற்றுவது. உடலின் எடை முழுவதும் ஒரு காலில் இறங்கிய பிறகுதான் மறு கால் எழும்பும். தோளில் கம்பும் இரு பக்கமும் பால் நிரம்பிய வாளியுமாய் மேட்டுநிலத்தில் இறங்கி வந்த மரம் வெட்டும் தொழிலாளிக்கு இது புதிய பாடமல்ல. இடுப்பு ஆடினால் பால் சிந்தும் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தலைமுறை இப்போது அடுக்குமாடி வீட்டில் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். நீரிழிவு முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறையும், தடுமாற்றம் வரும், விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். முதியோர் கீழே விழுவதைத் தைச்சி ஏறத்தாழ 19 விழுக்காடு குறைக்கக்கூடும் என்று 2019இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. அமெரிக்காவின் ஓரிகனில் 195 பார்க்கின்சன் நோயாளிகளிடம் 24 வாரம் நடந்த சோதனையில், தைச்சி பயின்றவர்களின் சமநிலை மேம்பட்டது 2012இல் வெளியானது. சர்க்கரையைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

இப்படிப்பட்டவர்கள் வகுப்புக்கு வரும்போது துணைப் பயிற்றுநரின் வேலை கனமாகிறது. யார் காலை உணவு சாப்பிடாமல் ஊசி மட்டும் போட்டுவிட்டு வந்திருக்கிறார், யாருக்கு முழங்கால் மடங்காது என்று அவர்தான் கவனிக்க வேண்டும். எடை ஊன்றிய காலைத் திருப்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு அதுதான். 'முதலில் எடையைப் பின்னால் கொண்டு போங்கள், பிறகு பாதத்தைத் திருப்புங்கள்' என்று நூறாவது தடவையாகச் சொல்ல ஆள் வேண்டும். சிஃபு அதைக் கண்டனீஸில் சொன்னால் புந்தோங்கிலிருந்து வரும் பாட்டிக்குப் புரியாது. மூலையில் நிற்கும் தமிழ்ப் பெண் 'பாட்டி, பின்னால சாஞ்சிட்டு அப்புறம் காலைத் திருப்புங்க' என்றால் புரியும்.

சொல்லித்தருவது தனிக் கலை. எதிரே நிற்கும் மாணவருக்கு வலது கையைக் காட்ட, கண்ணாடிபோல் இடது கையைத் தூக்க வேண்டும். பத்து ஆண்டு ஆடியவரும் முதல் நாள் இதில் திணறுவார். உடம்பு பழக்கத்தில் செய்ததை வாயால் சொல்லப் போகும்போதுதான், தனக்கே எந்த இடம் தெளிவில்லை என்று தெரியவரும். ஒரே நேரத்தில் இரண்டு தவறுகளைத் திருத்தினால் மாணவர் இரண்டையும் மறந்துவிடுவார். தொட்டுத் திருத்துமுன் கேட்க வேண்டும். பிள்ளைகள் வகுப்பில் இது கட்டாயம், பெற்றோர் உட்கார்ந்து பார்க்க இடமும் இருக்க வேண்டும்.

வளரும் பிள்ளைகளுக்கு இதில் வேறு ஆதாயமும் உண்டு. பொதுப் பல்கலைக்கழக நுழைவில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்திற்கு. பயிற்சியிலேயே மேலே போக விரும்புகிறவர்களுக்குத் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம் இருக்கிறது. அதில் விளையாட்டு அறிவியல் பாடம் மூன்று நிலைகளில் உண்டு. சிலம்ப வாத்தியார்களும் தங்கள் மூத்த மாணவர்களை இந்தப் பாடங்களுக்கு அனுப்பலாம். கம்பு சுற்றத் தெரிந்த பத்துப் பேரில் இருவர் முறையாகச் சொல்லித்தரக் கற்றாலே அந்தப் பாணிக்கு இன்னொரு தலைமுறை ஆயுள் கிடைக்கும்.

பிள்ளையைச் சேர்க்குமுன் கிளப் பதிவு பெற்றதா என்று பார்ப்பது நல்லது. 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். ஒரு வகுப்பை முழுவதும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சிஃபு வராத நாளில் யார் வகுப்பை எடுப்பார் என்று கேளுங்கள். அந்த ஆளை அழைத்து அறிமுகப்படுத்தினால் தாராளமாகச் சேர்க்கலாம். 'சிஃபு வராவிட்டால் வகுப்பு இல்லை' என்றால், அடுத்த கிளப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.