நம் வீட்டு வண்டிக்கு எந்த யந்திரம்?

சென்ற வாரம் நமது நண்பர் ஒருவர் ஒரு கத்தை வர்ணப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மயிலாப்பூரில் வசிப்பவர். அவரும் உத்தியோகம் பார்க்கிறார், அவருடைய மனைவியும் உத்தியோகம் பார்க்கிறார். பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் இருவர். வயது முதிர்ந்த தாயார் ஒருவர். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், உயரமும் கம்பீரமும் வாய்ந்த 'எஸ்.யூ.வி.' என்னும் மோட்டார் வண்டி ஒன்றை வாங்குவது என்று அந்தக் குடும்பத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியிருந்தது. ஆனால் ஒற்றுமை அந்தத் தீர்மானத்தோடு முடிந்து போயிற்று. டீசல் வண்டிதான் வேண்டும் என்பது நண்பரின் கட்சி. பெட்ரோல் போதும் என்பது மனைவியின் கட்சி. மின்சாரத்தை வீட்டிலேயே ஏற்றிக் கொண்டு, வேண்டும்போது பெட்ரோலிலும் ஓடுகிற 'பிளக்-இன் ஹைப்ரிட்' வண்டிதான் நாகரிகம் என்பது மூத்த பிள்ளையின் கட்சி.

"ஸார், மூன்று பேரும் மூன்று திசையில் இழுக்கிறோம். நீங்கள்தான் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்றார் நண்பர்.

"உங்கள் தாயார் என்ன சொல்கிறார்?" என்று கேட்டோம்.

"அம்மாவா? அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? 'ஏண்டாப்பா, இந்த வண்டி தினம் எங்கே போகப் போகிறது?' என்று மட்டும் கேட்டாள்."

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை வர்ணப் புத்தகங்களிலும் காணாத கேள்வியை அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டார். யந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நாம் போகும் வழியை அல்லவா கணக்கெடுக்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியைக் கைவிளக்காகக் கொண்டு மூன்று யந்திரங்களையும் சற்றே பரிசீலித்துப் பார்ப்போம்.

பெட்ரோல் யந்திரத்தின் மூதாதை, ஜெர்மனியில் 1876-ஆம் ஆண்டில் நிக்கோலஸ் ஆட்டோ என்பவர் உருவாக்கிய நான்கு வீச்சு யந்திரம். காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை உருளைக்குள் அமுக்கி, ஒரு பொறியினால் அதைக் கொளுத்துவது பெட்ரோல் யந்திரத்தின் முறை. அதே நாட்டினரான ருடால்ப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய யந்திரத்தில் பொறிக்கு வேலையே இல்லை. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அது பழுக்கச் சூடேறும் வரையில் அமுக்கி, பிறகு எண்ணெயைப் பீச்சினால் அது தானே பற்றிக் கொள்கிறது. இவ்வளவு பலமாக அமுக்குவதனால் எரிபொருளின் சக்தியில் பெரும் பங்கு வேலையாக மாறுகிறது. மேலும், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைக் காட்டிலும் ஒரு லிட்டர் டீசலில் சக்தியும் சிறிது அதிகம். பாரமான வண்டிக்கும், மலைப்பாதைக்கும், நெடும் பிரயாணத்துக்கும் டீசல் பேர் பெற்றதன் ரகசியம் இதுதான்.

நம் நாட்டில் டீசல் வண்டிகளுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 2012-ஆம் ஆண்டு மே மாதத்தில் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டிய சமயத்தில் டீசல் சுமார் 41 ரூபாய்க்குக் கிடைத்தது. லாரிக்கும் உழவு யந்திரத்துக்கும் என்று சர்க்கார் குறைத்து வைத்த விலையில் பெரிய வண்டிக்காரர்களும் சவாரி செய்தார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. அந்தப் பழைய இடைவெளியும் வெகுவாகச் சுருங்கிப் போயிற்று. 2024 மார்ச்சு மாதம் விலை குறைக்கப்பட்டபோது சென்னையில் பெட்ரோல் சுமார் 100 ரூபாய், டீசல் சுமார் 92 ரூபாய். முப்பது ரூபாய் வித்தியாசம் எங்கே, எட்டு ரூபாய் எங்கே! ஆனால் ஜனங்களின் மனத்தில் மட்டும் பழைய முப்பது ரூபாய் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. நமது நண்பரின் டீசல் பக்திக்கும் அதுவே காரணம்.

ஆகவே ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஒரே வண்டியில் டீசல் யந்திரம் வைத்ததற்கு ஒன்றரை லட்சம் ரூபாய் அதிக விலை என்று வைத்துக் கொள்வோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டரும் டீசல் வண்டி 16 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொள்வோம். மேற்சொன்ன விலையில் பெட்ரோலுக்குக் கிலோமீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 8 ரூபாய் 33 காசு. டீசலுக்கு 5 ரூபாய் 75 காசு. லாபம் 2 ரூபாய் 58 காசு. அந்த ஒன்றரை லட்சத்தை இந்த லாபத்தினால் ஈடுகட்ட வேண்டுமானால் வண்டி 58,000 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். வருஷத்துக்கு 25,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இரண்டே கால் ஆண்டில் கணக்கு நேராகிவிடும். 8,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கோ ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

"நீங்கள் வருஷத்துக்கு எவ்வளவு ஓடுவீர்கள்?" என்று கேட்டோம். நண்பர் விரல் விட்டு எண்ணினார். பள்ளிக்கூடம், காரியாலயம், கோயில், கறிகாய்க் கடை, வருஷத்தில் இரண்டு தடவை திருநெல்வேலிப் பிரயாணம். "எண்ணாயிரத்தைத் தாண்டாது போலிருக்கிறதே!" என்றார், குரல் சற்றுத் தாழ்ந்து.

பணக் கணக்கு மட்டும் அல்ல. டீசலுக்கு ஒரு தேக அசௌக்கியமும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் 'பாரத் ஸ்டேஜ் 6' என்னும் புகை விதி அமலில் இருக்கிறது. அந்த விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளின் புகைக் குழாயில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரியை அவ்வப்போது அந்த வடிகட்டி தானே எரித்துத் தீர்த்துக் கொள்ள வேண்டும். அதற்குப் புகை சுமார் 600 டிகிரி வரையில் சூடேற வேண்டும். நெடுஞ்சாலையில் இருபது நிமிஷம் ஒரே வேகத்தில் ஓடினால் இந்தக் காரியம் நடந்துவிடும். தினந்தோறும் மூன்று கிலோமீட்டர் போய், யந்திரம் நன்றாகச் சூடாகுமுன் நிறுத்திவிடுகிறவரின் வண்டியில் கரி சேர்ந்து கொண்டே போகும், எரியாது. நமக்குத் தெரிந்த வேறொருவர் இப்படித்தான் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கென்று பெரிய டீசல் வண்டி வாங்கினார். சில மாதத்துக்குள் எச்சரிக்கை விளக்கு எரியலாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் வடிகட்டியைச் சுத்தம் செய்வதற்காகவே அவர் செங்கற்பட்டு வரையில் போய்த் திரும்புகிறார். வண்டி அவருக்கு ஊழியம் செய்வது போய், அவர் வண்டிக்கு ஊழியம் செய்கிறார்.

இந்தப் புதிய விதிக்கு ஏற்றபடி சிறிய டீசல் யந்திரங்களைச் செய்வது கட்டுப்படியாகாது என்று கருதி மாருதி கம்பெனி 2020-இல் டீசல் வண்டிகளை அடியோடு நிறுத்திவிட்டது. டில்லிப் பிரதேசத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ஆதரித்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். 2025-இல் அந்தக் கடுமை சற்றுத் தளர்ந்தது என்றாலும், பழைய டீசல் வண்டியை விற்கப் போகிறவர்கள் இந்தச் சரித்திரத்தை மறந்துவிடக் கூடாது.

பெட்ரோல் யந்திரத்துக்கு இவ்வளவு தொல்லை இல்லை. விலை குறைவு, சத்தமும் அதிர்ச்சியும் குறைவு, சிறு தூரத்தை அது பொருட்படுத்துவதில்லை. அதன் குறை பசிதான். கனமான எஸ்.யூ.வி.யை நெரிசலில் இழுக்கும்போது அந்தப் பசி நன்றாகத் தெரியும். இன்னொரு விஷயம்: 2025-இல் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலப்பது என்ற இலக்கு எட்டப்பட்டது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் நம் நாட்டிலேயே கிடைப்பது எத்தனால்; அது நல்லதே. ஆனால் லிட்டருக்கு லிட்டர் அதில் பெட்ரோலைவிடச் சக்தி குறைவு. ஆகையால் வண்டி ஓடும் தூரம் ஓரளவு குறைவது இயற்கை. கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

இனி, பிள்ளையின் கட்சி. பிளக்-இன் ஹைப்ரிட் வண்டியில் பெட்ரோல் யந்திரமும் இருக்கிறது, மின்சார மோட்டாரும் இருக்கிறது. இரவில் வீட்டிலேயே மின்கலத்துக்குச் சக்தி ஏற்றிவிட்டால், மறுநாள் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வரையில் பெட்ரோல் செலவின்றியே ஓடலாம். அது தீர்ந்தால் பெட்ரோல் கை கொடுக்கும். சீனாவில் பி.ஒய்.டி. கம்பெனி 2008-இல் இத்தகைய வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது; 2013-இல் ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனி அவுட்லாண்டர் என்னும் எஸ்.யூ.வி.யிலேயே இம்முறையை அமைத்தது.

தினம் முப்பது கிலோமீட்டர் போகிறவருக்கு இரவில் சுமார் ஏழு யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட் பத்து ரூபாய் என்று தாராளமாக வைத்துக் கொண்டாலும் எழுபது ரூபாய். அதே தூரத்துக்குப் பெட்ரோல் 250 ரூபாய். கேட்பதற்கு எவ்வளவு இனிப்பாக இருக்கிறது!

ஆனால் இந்த இனிப்பெல்லாம் இரவில் செருகுகிறவருக்கு மட்டுமே. செருகாமல் விட்டால் அது சுமார் இருநூறு கிலோ வீண் பாரத்தைச் சுமந்து செல்லும் பெட்ரோல் வண்டியே தவிர வேறல்ல. ஐரோப்பாவில் நடந்ததைப் பாருங்கள். வண்டிகளிலேயே பொருத்திய அளவுக் கருவிகளைக் கொண்டு ஐரோப்பியக் கமிஷன் 2024-இல் கணக்கு வெளியிட்டது. சாதாரணப் பெட்ரோல், டீசல் வண்டிகள் சோதனைச்சாலைக் கணக்கைக் காட்டிலும் நூற்றுக்கு 20 பங்கு அளவில்தான் அதிகக் கரிவாயுவை வெளியிட்டன. பிளக்-இன் வண்டிகளோ சராசரியில் மூன்றரை மடங்கு வெளியிட்டன! நினைத்த அளவுக்கு மின்சாரத்தில் ஓட்டப்படவில்லை என்பதே முக்கிய காரணம். குறை யந்திரத்தில் இல்லை. செருகாத கையில் இருக்கிறது.

"உங்கள் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்?" என்று நண்பரைக் கேட்டோம். அடுக்கு மாடிக் கட்டடம். வீடு மூன்றாவது மாடியில். வண்டி நிறுத்துமிடத்தில் மின்சார இணைப்புக் கொடுக்கச் சங்கத்தார் இன்னும் சம்மதிக்கவில்லை. அப்படியானால் பிள்ளையின் கட்சியும் தோற்றது. தவிர, இவ்வகை வண்டிகள் நம் நாட்டில் இதுகாறும் பெரும்பாலும் தனவந்தர்களின் விலையிலேயே வந்திருக்கின்றன. செருக வேண்டாத ஹைப்ரிட் வண்டிகள் வேறு உண்டு. தடை போடும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாக்கிச் சேமித்து, நெரிசலில் அதையே செலவிடுபவை அவை. 2022 முதல் டொயோட்டாவும் மாருதியும் நடுத்தர எஸ்.யூ.வி.களில் இவற்றை விற்கின்றன. நின்று நின்று ஊர்ந்து செல்லும் நகரத்து வழிக்கு இவை பொருத்தமானவை. ஆனால் விலையில் உள்ள அதிகத்துக்கு இங்கேயும் அதே காகிதக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

நிற்க. இது நம் பணப் பையை மட்டும் பொறுத்த விஷயம் அல்ல. நம் தேசத்துக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. நாம் வீணாக எரிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் கடல் கடந்து பணம் போகிறது. பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோவும், டீசல் சுமார் 2.7 கிலோவும் கரிவாயு விடுகின்றன. நமக்குப் பின்னால் சைக்கிளில் வரும் சிறுவன் அந்தப் புகையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. 2015-இல் வோக்ஸ்வாகன் கம்பெனி, சோதனையின்போது மட்டும் புகையைக் குறைக்கும் தந்திரத்தை உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் டீசல் வண்டிகளில் ஒளித்து வைத்தது அம்பலமாயிற்று. விற்கிறவர் காட்டும் எண்களை அப்படியே நம்பலாகாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆகையால் வண்டி வாங்க எண்ணும் குடும்பத்தாருக்கு நாம் சொல்லும் யோசனை எளியது. ஒரு மாத காலம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினம் எங்கே போனோம், எவ்வளவு தூரம், எத்தனை பேர் என்று குறித்து வையுங்கள். வாரத்தில் பல நாள் நெடுஞ்சாலையில் ஓடுகிறவரும், வருஷத்துக்கு இருபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டுகிறவரும் டீசலை வாங்கட்டும். அது அவரை ஏமாற்றாது. ஊருக்குள்ளேயே சுற்றுகிறவருக்குப் பெட்ரோலோ செருகாத ஹைப்ரிடோ போதும். சொந்த வாசலில் செருகுமிடமும், தவறாமல் செருகும் பழக்கமும், அதிக விலை கொடுக்கச் சக்தியும் உள்ளவர் மட்டும் பிளக்-இன் வண்டியை நினைக்கட்டும்.

நண்பர் வர்ணப் புத்தகங்களை நம் மேஜை மேலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டார். வாசற்படியில் நின்று, "எல்லாவற்றையும் பார்த்தால் பெட்ரோல்தான் என்று ஆகிறது. இவ்வளவு பெரிய வண்டி வேண்டுமா என்று கூட இப்போது சந்தேகமாக இருக்கிறது, ஸார்" என்றார்.

"அதை எங்களிடம் கேட்காதீர்கள், வீட்டுக்குப் போய் உங்கள் தாயாரிடம் கேளுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம்.