இதய சிகிச்சைக்குப் பிறகு எப்போது விமானம் ஏறலாம்?

ஸ்டென்ட் வைத்தாயிற்று, டிஸ்சார்ஜும் ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு அடுத்த கவலை ஊர் திரும்புவதுதான். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். பெரும்பாலானோருக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. என்ன சிகிச்சை நடந்தது, இதயம் இப்போது எப்படி இருக்கிறது என்பவையே நாளைத் தீர்மானிக்கின்றன.

விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். ரத்தத்தில் ஆக்சிஜன் சற்றுக் குறைய, அதை ஈடுகட்ட இதயம் கூடுதலாக உழைக்கும். அழுத்தம் குறைவதால் உடலுக்குள் அடைபட்ட காற்றும் ஏறத்தாழ 30 சதவீதம் விரியும். பைபாஸ் சிகிச்சையின்போது மார்புக்குள் புகுந்த காற்று முழுவதும் வெளியேறாமல் பறப்பது இதனால்தான் ஆபத்து.

பிரிட்டிஷ் கார்டியோவாஸ்குலர் சொசைட்டி 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சிக்கல் ஏதும் இல்லாதவர்களுக்கான கணக்கு இது:

• திட்டமிட்டுச் செய்த ஆஞ்சியோபிளாஸ்டி (ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சை): 2 நாள்
• பேஸ்மேக்கர்: 2 நாள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால், அது முழுதும் சரியான பிறகு 2 வாரம்
• மாரடைப்பு: ஆபத்து குறைந்தவர்களுக்கு 3 நாள், நடுத்தர ஆபத்து உள்ளவர்களுக்கு 10 நாள்
• பைபாஸ்: 10 நாள்

இவை குறைந்தபட்ச நாட்கள் மட்டுமே. ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கட்டுக்குள் வராத இதயத்துடிப்பு உள்ளவர்கள் பறக்கக் கூடாது. பைபாஸ் செய்தவர்களுக்கு மார்பெலும்பு ஒன்றுசேரவே 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை பெட்டியைத் தாங்களே தூக்கக் கூடாது.

டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரிடம் பயணத் தேதியைச் சொல்லி, பறக்கத் தகுதி உண்டு என்ற சான்றிதழ் வாங்குங்கள். ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் தனி விதி உண்டு. சில நிறுவனங்கள் மருத்துவர் நிரப்பித் தரும் படிவத்தையும் கேட்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைக் கைப்பையிலேயே வையுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் ஒரு வேளைகூட அவற்றைத் தவறவிடக் கூடாது. நீண்ட பயணத்தில் கால்களை அடிக்கடி அசைத்து, முடிந்தபோது எழுந்து நடங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அதன் அட்டையைப் பாதுகாப்புச் சோதனையில் காட்டுங்கள்.

டிக்கெட்டின் தேதியை மாற்றுவதில் சில ஆயிரம் ரூபாய் போகலாம். மருத்துவர் “பொறுங்கள்” என்றால், அந்த இழப்பை யோசிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.