பிஸ்டன் தரும் இரண்டு சதவீதம்

மைசூரைச் சேர்ந்த சோமேந்தர் சிங் பந்தய வண்டிகளின் எஞ்சின்களைப் பிரித்து மேய்ந்தவர். சிலிண்டர் ஹெட்டின் உள்பக்கத்தில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஏறக்குறைய உரசுவதுபோல் நெருங்கும் ஓரப் பகுதியில், சில காடிகளை வெட்டினார். அந்த இடுக்கில் நசுங்கும் பெட்ரோல் கலவை காடிகள் வழியாகப் பீய்ச்சியடித்துச் சுழலும், தீ வேகமாகப் பரவும், மைலேஜ் கூடும் என்பது அவர் வாதம். 2001இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ‘பாப்புலர் சயின்ஸ்’ இதழ் 2004இல் அவரைப் பற்றி எழுதியது. ஆனால் பெரிய கார் நிறுவனங்கள் அந்தக் காடிகளைத் தங்கள் ஆலைக்குள் கொண்டுபோகவில்லை.

இப்படி ஒரு செய்தி வந்தால் டீக்கடையில் விளக்கம் தயாராக இருக்கும்: எண்ணெய்க் கம்பெனிக்காரன் அமுக்கிவிட்டான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரே ஒரு சதவீத எரிபொருளை மிச்சப்படுத்த ஆண்டுக்கணக்கில் பொறியாளர்களை உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கும் தொழில் அது. நல்ல யோசனை இலவசமாகக் கிடைத்தால் விடமாட்டார்கள்.

யோசனை தவறு என்றும் சொல்ல முடியாது. கலவையைக் கலக்கிவிட்டால் நன்றாக எரியும் என்பதை முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளிலேயே இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ செய்து காட்டிவிட்டார். இன்றைய எஞ்சின்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அதைச் செய்கின்றன. ஏற்கெனவே கலக்கப்பட்டதை இன்னும் கொஞ்சம் கலக்கினால் கிடைப்பதும் கொஞ்சம்தான்.

வால்வோ லாரிகளின் டி13 எஞ்சின் இதற்கு நல்ல சாட்சி. டீசல் எஞ்சினில் பிஸ்டன் தலை ஒரு கிண்ணம்போல் குழிந்திருக்கும். இன்ஜெக்டரின் துளைகளிலிருந்து கிளம்பும் தீ அந்தக் கிண்ணத்தின் சுவரில் மோதி, பக்கத்துத் தீயோடு முட்டிக்கொண்டு ஆக்சிஜன் இல்லாமல் திணறும். நடுவிலோ காற்று சும்மா கிடக்கும். வால்வோ பொறியாளர்கள் கிண்ணத்தின் விளிம்பில் அலை அலையாக மேடுகள் வைத்தார்கள். தீ திரும்பி நடுவுக்கு வந்தது. பிஸ்டனின் வடிவத்தை மட்டும் மாற்றிச் செய்த இந்த வேலைக்கு நிறுவனமே சொன்ன பலன், அதிகபட்சம் 2 சதவீதம்.

இரண்டு சதவீதம் என்றால் சிரிப்பு வரலாம். ஆண்டுக்கு 50,000 கி.மீ. ஓடி, லிட்டருக்கு 4 கி.மீ. தரும் லாரி 12,500 லிட்டர் டீசல் குடிக்கிறது. அதில் இரண்டு சதவீதம் 250 லிட்டர். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடும், லிட்டருக்கு 50 தரும் பைக்குக்கு அதே இரண்டு சதவீதம் நான்கு லிட்டர். லாரி முதலாளிக்கு அது லாபம். பைக்காரருக்குத் தெரியவே தெரியாது.

ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது? காரில் நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஹோம்பெர்க், ஆண்டர்சன், எர்டெமிர் என்ற மூன்று உராய்வியல் அறிஞர்கள் 2012இல் போட்ட கணக்குப்படி, 33 ரூபாய் சைலன்சர் வழியாகப் புகையோடு சூடாக வெளியேறுகிறது. 29 ரூபாய் எஞ்சினைக் குளிர்விப்பதில் போகிறது. மீதி 38 ரூபாய்தான் இயந்திர வேலையாகிறது. அதிலும் 11 ரூபாய் 50 காசை எஞ்சினுக்குள் நடக்கும் உராய்வு விழுங்குகிறது. இந்த உராய்வில் ஏறத்தாழ பாதி, அதாவது ஐந்து ரூபாய், பிஸ்டனும் அதன் ரிங்குகளும் சிலிண்டர் சுவரில் தேய்வதால் போவது.

ஆக, பிஸ்டன் நேரடியாகத் தின்பது நூற்றுக்கு ஐந்து. அதைப் பாதியாக்கினால் இரண்டரை ரூபாய்தானே மிச்சம் என்று தோன்றும். அப்படியல்ல. இரண்டரை ரூபாய் இயந்திர வேலையை உண்டாக்க ஆறு ரூபாய்க்கு மேல் பெட்ரோல் எரிய வேண்டும். அதுவும் சேர்ந்து மிச்சமாகும். உராய்வுக்காரர்கள் விடாமல் மோதிக்கொண்டிருப்பதற்கு இந்தப் பெருக்கல்தான் காரணம்.

ஆனால் பாதியாக்குவது லேசான காரியமல்ல. 6,000 ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சினில் பிஸ்டன் ஒரு நொடிக்கு 200 முறை நின்று திசை மாறுகிறது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 86 மில்லிமீட்டர் என்றால் சராசரி வேகமே மணிக்கு 60 கி.மீ.யைத் தாண்டும். திரும்பும் கணத்தில் 300 கிராம் பிஸ்டன் 600 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. மேலே 2,000 டிகிரிக்கு மேற்பட்ட தீ; பிஸ்டனோ 660 டிகிரியில் உருகும் அலுமினியத்தில் ஆனது. கீழிருந்து ஆயில் பீய்ச்சி, ரிங்குகள் வழியாகச் சுவருக்குச் சூட்டைக் கடத்தித்தான் அது பிழைக்கிறது. ரிங்கின் அழுத்தத்தைக் குறைத்தால் உராய்வு குறையும், ஆனால் ஆயில் மேலே ஏறிப் புகையும். ஸ்கர்ட் எனப்படும் பிஸ்டனின் கீழ்ப்பகுதியைச் சிறிதாக்கினால் எடை குறையும், ஆனால் பிஸ்டன் ஆடித் தட்டும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும்.

இந்த இழுபறியில் மெர்சிடீஸ் எடுத்த முடிவு வேடிக்கையானது. பாரம் குறைக்க எல்லோரும் அலுமினியத்துக்குப் போன நூறாண்டுக்குப் பிறகு, 2014இல் தன் கார் டீசல் எஞ்சினில் எஃகு பிஸ்டனைப் போட்டது. எஃகு கனமானது. ஆனால் சூட்டில் அலுமினியத்தைவிட மிகக் குறைவாகவே விரியும். சுற்றியுள்ள அலுமினிய எஞ்சின் உடல் விரிய, பிஸ்டன் விரியாமல் நிற்க, இடைவெளி கூடி உராய்வு குறைகிறது. எஃகு வலுவானது என்பதால் பிஸ்டனைக் குட்டையாகவும் செய்யலாம். சிக்கனம் சுமார் 3 சதவீதம் என்றார்கள்.

எனக்கு இதைவிடச் சுவாரசியமானது அந்த 29 ரூபாய்தான். எஞ்சின் சுவர் வழியாகத் தப்பிக்கும் வெப்பத்தைத் தடுத்தால் என்ன? 1980களில் அமெரிக்க ராணுவமும் எஞ்சின் நிறுவனமான கம்மின்ஸும் அதைத்தான் செய்து பார்த்தன. வெப்பத்தைக் கடத்தாத பீங்கான் போன்ற பொருள்களால் எரியறையை மூடி, ரேடியேட்டரே இல்லாமல் ஐந்து டன் லாரியை ஓட்டினார்கள். கேட்கப் பிரமாதமாக இருக்கும் இந்தத் திட்டம் பெரிதாகப் பலிக்கவில்லை. சுவர் எப்போதும் கொதித்துக் கொண்டிருந்ததால் உள்ளே வரும் புதுக் காற்றும் சூடாகி விரிந்தது. சிலிண்டருக்குள் குறைந்த காற்றே நுழைந்தது. தடுத்து வைத்த வெப்பத்தில் பெரும்பகுதி பிஸ்டனைத் தள்ளாமல் சைலன்சருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போட்ட மாதிரி.

டொயோட்டா 2015இல் இதை வேறு வழியில் அணுகியது. பிஸ்டன் தலையில் நுண்துளைகள் நிறைந்த மெல்லிய அலுமினிய ஆக்சைடு பூச்சு, அதன் மேல் சிலிக்கா. பூச்சின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். வெப்பத்தைச் சேமித்து வைக்கும் சக்தியும் அதற்கு மிகக் குறைவு. எனவே தீ எரியும்போது மேற்பரப்பு சட்டென்று சூடாகும். சூடான பரப்புக்கும் தீக்கும் வெப்ப வித்தியாசம் குறைவதால் வெப்பம் வெளியேறுவதும் குறையும். அடுத்த கணம் புதுக் காற்று வரும்போது அதே பரப்பு சட்டென்று ஆறிவிடும், காற்றைச் சூடாக்காது. பீங்கான்காரர்கள் சுவரை எந்நேரமும் சூடாக வைத்தார்கள். டொயோட்டா அதைத் தீயோடு சேர்ந்து ஏறி இறங்க விட்டது. அந்த 2.8 லிட்டர் டீசல் எஞ்சினின் அதிகபட்சத் திறன் 44 சதவீதம் என்று நிறுவனம் அறிவித்தது. நம் சாலைகளில் ஓடும் ஃபார்ச்சூனரில் இருப்பது அதே எஞ்சின் குடும்பம். பிஸ்டன் ஆய்வில் சமீப காலத்தில் வந்த மிக அழகான யோசனை இதுதான் என்பேன்.

சிலிண்டர் ஹெட்டையே தூக்கிவிட்டு, ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்களை எதிரெதிரே வைத்தால்? ஹெட் இல்லாததால் வெப்பம் தப்பிக்கும் பரப்பு குறையும். 1930களின் ஜெர்மன் யுங்கர்ஸ் விமான எஞ்சின்கள் இப்படித்தான் இருந்தன. சிக்கனத்தில் பெயர் பெற்றவை. சென்னையை அடுத்த ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கிக்குள் இருந்த லேலண்ட் எல்60 எஞ்சினும் இதே வகை: ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன், இரண்டு கிராங்க் ஷாஃப்ட். அதே எஞ்சினைச் சுமந்த பிரிட்டனின் சீஃப்டன் டாங்கி, அடிக்கடி மக்கர் செய்ததற்குத்தான் பெயர் வாங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவின் அகேட்ஸ் பவர் நிறுவனம் இந்த அமைப்பை மீட்டெடுத்து, வால்மார்ட் லாரியில் வைத்துச் சரக்கு ஏற்றி ஓட்டிப் பார்த்தது.

சாதாரண பெட்ரோல் வண்டிக்கு வருவோம். அங்கே பிஸ்டனால் ஆகக்கூடிய பெரிய உதவி, அமுக்க விகிதத்தைக் கூட்டுவது. கலவையை எவ்வளவு இறுக்கி எரிக்கிறோமோ, அவ்வளவு வேலையை அதனிடமிருந்து கறக்கலாம். பாடப்புத்தகச் சூத்திரப்படி விகிதம் 10 என்றால் உச்சத் திறன் 60 சதவீதம், 14 என்றால் 65. நிஜ எஞ்சின் இதை எட்டாது என்றாலும் போக்கு அதுதான். தடை, நாக்கிங். அதிகம் இறுக்கினால் கலவை தீ வந்து சேரக் காத்திராமல் தானே வெடித்து எஞ்சினைச் சுத்தியலால் அடிக்கும். மாஸ்டா 2011இல் 14க்குப் போனபோது, தீ பரவும் வழியில் இடிக்காதபடி பிஸ்டன் தலையின் நடுவே ஒரு குழி வெட்டியது; கூடவே மிச்சச் சூட்டுப் புகை சிலிண்டருக்குள் தங்காமல் வெளியேற நீளமான எக்ஸாஸ்ட் குழாயும் வைத்தது. பிஸ்டன் தனியாகச் சாதித்ததல்ல.

நமக்கு இந்த அமுக்க விகிதக் கணக்கு இப்போது வீட்டுக் கவலை. பங்க்கில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே, கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றது. ஆனால் எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும். அப்படியானால் அமுக்க விகிதத்தைக் கூட்டிப் பிஸ்டனைப் புதிதாக வடிவமைத்தால் இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம். தொடக்கத்திலிருந்தே இந்த எரிபொருளுக்காக வரையப்படும் எஞ்சின்களுக்கு இது பொருந்தும். பழைய வண்டிக்காரர் மெக்கானிக்கிடம் போய் உயரமான பிஸ்டனை மட்டும் போடச் சொன்னால், இக்னிஷன் நேரமும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரும் பழையபடியே இருக்க, கிடைப்பது மைலேஜ் அல்ல, கடகடவென்ற நாக்கிங் சத்தம்தான்.